வீட்டுத் திரைக்கு முதலில் வேண்டியது இருட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுக்குமாடி வீடுகளில் ஹோம் தியேட்டர் அமைப்பது பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். புரொஜெக்டரைப் பற்றி அதில் சொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை சரியே. ஆனால் திரையைப் பற்றிய பகுதியில், அறையில் வெளிச்சம் இருந்தால் கெயின் கூடிய திரையை வாங்க வேண்டும் என்றும், சுவர் இடம் கொடுக்கும் அளவுக்குப் பெரிய திரையே நல்லது என்றும் தரப்பட்டிருந்த இரண்டு யோசனைகளும் வாசகர்களை வீண் செலவுக்கு இழுத்துச் செல்லக்கூடியவை. கஞ்சிக்கோட்டில் சிறிய அலுமினியப் பட்டறை ஒன்றை நடத்தி, ஜன்னல், கதவுகளோடு பாலக்காட்டிலும் வாளையாறுக்கு அப்பால் கோவையிலும் உள்ள அடுக்குமாடி வீடுகளுக்குத் திரைச் சட்டங்களும் செய்து கொடுத்து வருபவன் என்ற முறையில், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத நேர்கிறது.

கெயின் என்ற எண்ணைப் பார்த்தால், திரை தன்னிடமிருந்து ஒளியைச் சேர்த்துக் கொடுப்பதுபோன்ற எண்ணம் பலருக்கும் உண்டாகிறது. எந்தத் திரையும் அப்படிக் கொடுப்பதில்லை. ஒளியை எல்லாத் திசைகளிலும் சீராகச் சிதறச்செய்யும் பளபளப்பில்லாத மட்டான வெண்பரப்பை 1.0 என்று வைத்துக்கொண்டு, அதனோடு ஒப்பிடும்போது நேர் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு ஒளி திரும்பி வருகிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. 1.5 கெயின் உள்ள திரை நடுவில் இருப்பவருக்கு ஒன்றரை மடங்கு ஒளியைத் தருகிறது என்றால், அந்தக் கூடுதல் ஒளி ஓரத்தில் இருப்பவரின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுக்கப்பட்டதுதான். பத்துப் பதினோரு அடி அகலமுள்ள ஹாலில், சோபாவின் இரு முனைகளிலும் திவானிலும் தரையிலுமாகக் குடும்பம் முழுவதும் பரவி உட்காரும் வீடுகளில், இத்தகைய திரை நடுவில் பளிச்சென்ற ஒரு வட்டத்தையும் ஓரங்களில் மங்கலையும் உண்டாக்கிவிடும். வீட்டிலேயே திரை செய்யும் சிலர் வெள்ளைப் பெயின்டில் அலுமினியப் பெயின்டைக் கலந்து சுவரில் பூசிப் பார்ப்பதும், பிறகு அதன்மேல் வெள்ளையடிப்பதும் இதே காரணத்தால் நடப்பவை.

சரி, வெளிச்சமுள்ள அறைக்கு அது உதவுமா என்றால், கணக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது. புரொஜெக்டர் உண்மையாகவே 1000 லூமென்ஸ் ஒளியைக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 16:9 வடிவில் (மூலைவிட்ட அளவில்) 100 அங்குலத் திரை ஏறத்தாழ 221 செ.மீ. அகலமும் 125 செ.மீ. உயரமும் உடையது, பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். ஆகவே முழு வெண்மைக் காட்சி ஓடும்போது திரையில் விழுவது சுமார் 360 லக்ஸ், அதாவது சதுர மீட்டருக்கு 360 லூமென்ஸ். அந்த நேரத்தில் ஹாலில் எரியும் விளக்கிலிருந்து அதே திரையின் மீது 50 லக்ஸ் விழுகிறது என்றால், படத்தின் வெண்மையான இடத்தில் 410, கருப்பாக இருக்க வேண்டிய இடத்தில் 50 என்று ஆகிவிடுகிறது. அதாவது எட்டுக்கு ஒன்று. இரவுக் காட்சிகள் எல்லாம் சாம்பல் பூத்துப்போவது இதனால்தான். மட்டான திரை வெண்மையாக இருந்தாலும் சாம்பல் நிறமாக இருந்தாலும், 410-ஐயும் 50-ஐயும் ஒரே விகிதத்தில்தான் திருப்பி அனுப்பும் என்பதால், திரையை மாற்றி இந்த விகிதத்தை மாற்ற முடியாது. கெயின் கூடிய திரையும், சோபாவுக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தைப் படத்தோடு சேர்த்தே பெருக்கிக் கொடுக்கும். மாறாக, விளக்கை அணைத்து, ஜன்னலுக்கும் பால்கனிக் கதவுக்கும் தடித்த திரைச்சீலை போட்டு, அந்த 50 லக்ஸை 5 ஆகக் குறைத்தால், விகிதம் எழுபதைத் தாண்டிவிடுகிறது. எந்த நிறுவனத்தின் எவ்வளவு விலையுயர்ந்த வெண்திரையும் இந்த வேலையைச் செய்வதில்லை. திரைச்சீலைக் கடையில் ஆகும் செலவு செய்கிறது. 1905 முதல் ஊர் ஊராகப் படம் காட்டிய கோவை சாமிக்கண்ணு வின்சென்ட் காலம் தொட்டுக் கூடாரக் கொட்டகைகளில் பொழுது சாய்ந்த பிறகே முதல் ஆட்டம் தொடங்கியதற்கும் காரணம் இந்தக் கணக்கேதான்.

இந்த இடத்தில் லூமென்ஸ் என்ற எண்ணைப் பற்றியும் ஒரு சொல். 2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டர்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், புதிதாக வாங்குவோர் பலர் இருக்கக்கூடும். இணையக் கடைகளில் மலிவான எல்இடி புரொஜெக்டர்களின் பெட்டிமீது 9000 லூமென்ஸ், 12000 லூமென்ஸ் என்று அச்சிட்டிருப்பதை நம்பித் திரையின் அளவை முடிவு செய்துவிடக் கூடாது. தர அமைப்புகளின் முறைப்படி அளக்கப்பட்ட ஆன்ஸி லூமென்ஸ் அல்லது ஐஎஸ்ஓ லூமென்ஸ் எவ்வளவு என்பதைத் தேடிப் பார்க்க வேண்டும். அந்தச் சொற்களே இல்லாத விளம்பரங்களில் உண்மையான ஒளி சில நூறு லூமென்ஸாக மட்டுமே இருப்பது மிகச் சாதாரணம். நல்ல கருவியிலும், நிறங்கள் சரியாக வரும் சினிமா மோடில் பார்க்கும்போது அறிவிக்கப்பட்ட எண்ணில் கணிசமான பகுதி குறைந்துபோகும்.

விளக்கை அணைத்த பிறகும் ஒரு வெளிச்சம் எஞ்சி நிற்கிறது. அது திரையிலிருந்தே கிளம்புவது. இப்போது கட்டப்படும் வீடுகளில் வெள்ளை ஃபால்ஸ் சீலிங்கும் தந்த நிறச் சுவர்களும், முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸும் போடாத ஹாலே இல்லை. திரையிலிருந்து சிதறும் ஒளி இவற்றின் மீது பட்டு மீண்டும் திரைக்கே திரும்பி, படத்தின் கருமையான பகுதிகளை வெளுக்கச் செய்கிறது. ஹால் முழுவதையும் கருநிறமாக்க வீட்டில் யாரும் சம்மதிக்கமாட்டார்கள். அதற்குத் தேவையும் இல்லை. திரையை ஒட்டிய மூன்று நான்கடிச் சுவருக்கும் கூரைக்கும் பளபளப்பில்லாத அடர் சாம்பலோ கருநீலமோ அடித்து, திரைக்கு முன்னால் தரையில் ஓர் அடர்நிற ஜமக்காளத்தை விரித்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். வாடகை வீடாக இருந்து பெயின்ட் அடிக்க வழியில்லை என்றால் மட்டும், 0.8 கெயின் உள்ள வெளிர் சாம்பல் திரையை நான் பரிந்துரைப்பேன். அது அறைக்குள் அனுப்பும் ஒளியே குறைவு. சுவரில் பட்டுத் திரும்பி வருவதை மீண்டும் ஒருமுறை குறைக்கிறது. ஆனால் அதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்குப் புரொஜெக்டரில் ஒளி இருக்க வேண்டும்.

கட்டுரையில் ஒரே வரியில் கடந்துபோன ஏ.எல்.ஆர். திரைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதிகப் பணம் தொலைவது அங்கேதான். அறை வெளிச்சத்தை நிராகரிக்கும் இத்தகைய திரைகள், வெளிச்சம் வரும் திசையையும் புரொஜெக்டரின் ஒளி வரும் திசையையும் பிரித்தறிந்து வேலை செய்பவை. சுவரை ஒட்டி மேசைமேல் வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டருக்கான திரையில், கிடைமட்டமாக ரம்பப் பல் போன்ற நுண்ணிய வரிகள் உண்டு. அவற்றின் மேல்பக்கம் கருப்பாக இருந்து கூரை விளக்கின் ஒளியை விழுங்கிவிடும், கீழ்ப்பக்கம் அடியிலிருந்து வரும் படத்தைப் பார்ப்பவரை நோக்கித் திருப்பும். அந்தத் திரையைக் கூரையில் தொங்கும் சாதாரணப் புரொஜெக்டருக்குப் பயன்படுத்தினால், அது படத்தையே விழுங்கத் தொடங்கும். சாதாரணப் புரொஜெக்டருக்கான ஏ.எல்.ஆர். திரைகள் வேறு வகை. அவற்றுக்குப் புரொஜெக்டர் போதிய தொலைவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் பளிச்சென்ற திட்டு விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிச்சம் மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்தால்தான் இவை உதவும். நம் வீடுகளில் பலவற்றில் பால்கனிக் கதவு டிவி சுவருக்கு நேர் எதிரே இருக்கிறது. அங்கிருந்து வரும் பகல் வெளிச்சத்தை எந்த ஏ.எல்.ஆர். திரையும் முழுமையாகத் தடுப்பதில்லை, திரைச்சீலை தடுக்கிறது.

இனித் திரையின் அளவு. பெரிய திரையே நல்லது என்பதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. 100 அங்குலத்திலிருந்து 120 அங்குலத்துக்குப் போகும்போது பரப்பு 44 விழுக்காடு கூடுகிறது. அதே 1000 லூமென்ஸ் இப்போது 250 லக்ஸாகக் குறைந்துவிடும். இது ஒன்று. மற்றொன்று, பார்ப்பவரின் கண். திரையின் அகலம் கண்ணில் 30 பாகைக் கோணத்துக்குக் குறையாமல் தெரிய வேண்டும் என்பது திரைப்படப் பொறியாளர்கள் சங்கமான எஸ்எம்பிடிஇ-யின் பழைய வழிகாட்டல். 36 பாகைக்கு மேல் போகும்போது முழுத் தியேட்டர் உணர்வு வருகிறது என்பது பொதுவான கருத்து. 16:9 திரையில் 30 பாகை கிடைக்கும் தொலைவு, மூலைவிட்ட அளவைப்போல் ஏறத்தாழ 1.6 மடங்கு, 36 பாகைக்கு 1.34 மடங்கு. சோபா திரையிலிருந்து பதினோரு அடியில் இருக்கும் வீட்டுக்கு இந்த இரண்டு கணக்குகளும் சேர்ந்து 82 முதல் 98 அங்குலம் வரையிலான திரையைத்தான் காட்டுகின்றன. அதற்குள் 92 அங்குலம் என்பது என் தேர்வு. அது ஏன் என்பது துணிக்கடைக்குப் போனால் விளங்கும்.

திரைச்சீலைகளுக்கு உள்துணியாகத் தைக்கும் பிளாக்அவுட் துணி, பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வருகிறது. 92 அங்குலத் திரையின் படப்பகுதி 80 அங்குல அகலமும் 45 அங்குல உயரமும் கொண்டது; மேலும் கீழுமாக மிஞ்சும் நாலரை அங்குலத்தில் படத்தைச் சுற்றி வரும் கருப்புக் கரைக்கு இரண்டங்குலமும், சட்டத்தைச் சுற்றி மடக்கிப் பின்னால் இழுத்துக் கட்ட இரண்டரை அங்குலமும் கிடைத்துவிடுகின்றன. 100 அங்குலத்துக்கு உயரமே 49 ஆகிவிடுவதால் துணி போதாது. ஒட்டுப்போட்டுத் தைத்தால் அந்தத் தையல் ஒவ்வொரு பாடல் காட்சியிலும் குறுக்கே ஓடும். பெரிய திரைதான் வேண்டும் என்பவர்கள் அகலம் கூடிய துணியைத் தேட வேண்டும், அல்லது திருப்பூரிலும் கோவையிலும் நீச்சலுடைக்கும் விளையாட்டு உடைக்கும் விற்கும் வெள்ளை லைக்ராவை வாங்க வேண்டும். லைக்ரா எல்லாப் பக்கமும் இழுபடுவதால் சுருக்கமே விழாது. ஆனால் ஒளி ஊடுருவிவிடும் என்பதால் அதன் பின்னால் ஒரு கருப்பு லைக்ராவையும் சேர்த்து இழுக்க வேண்டும், அதனால் படத்தின் பிரகாசம் கொஞ்சம் குறையும். ஒலியும் அதனூடே வரும் என்பதால், நடு ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் வைக்க விரும்புவோருக்கு அதுவே ஏற்றது.

துணியைப் பட்டறைக்குக் கொண்டுவருமுன் கடையிலேயே சோதித்துவிடலாம். கைப்பேசி டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் பளபளப்பு தெரிந்துவிடும், பளபளத்தால் வேண்டாம். ஓர் ஏ4 தாளைத் துணிமேல் வைத்துப் பார்த்தால், துணியில் மஞ்சளோ நீலமோ ஓடியிருப்பது புலப்படும். வீட்டுக்கு ஒரு சிறு துண்டை வாங்கிப்போய், புரொஜெக்டரில் வெண்மையான படத்தைப் போட்டு, அந்தத் துண்டையும் தாளையும் அருகருகே ஒட்டிப் பார்ப்பது அதைவிட நல்லது. நெசவும் முக்கியம். 92 அங்குலத் திரையில் ஃபுல் எச்டி படத்தின் ஒரு புள்ளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். 4கே படத்தில் அதில் பாதி. நூலிழைகள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தடித்த துணியில் அந்த நுணுக்கம் எல்லாம் போய்விடும்.

சட்டத்துக்கு மரமா அலுமினியமா என்று கேட்டால், என் தொழிலைப் பார்த்து நான் சொல்வதாக நினைக்கக் கூடாது. இந்த ஊருக்கு அலுமினியம்தான். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றில் மரம் சுருங்குகிறது, இடவப்பாதி மழையில் ஈரத்தைக் குடித்து முறுக்குகிறது. நன்றாகக் காய்ந்த மரம் கிடைத்துப் பக்குவமாகச் செய்தால் நிற்கும், ஆனால் அப்படிக் கிடைப்பது அரிது. ஒன்றரைக்கு ஒன்று அங்குல அலுமினியச் செக்‌ஷனில் நான்கு பக்கமும், துணியின் இழுப்பில் நீளவாட்டுச் சட்டங்கள் உள்வளையாமல் இருக்க நடுவில் ஒரு நெடுக்குத் தாங்கியும் கொடுத்தால் போதும். அந்தத் தாங்கி துணியைத் தொடாதபடி ஒரு நூல் அளவு (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) பின்தள்ளி இருக்க வேண்டும், தொட்டால் அதன் நிழல்கோடு படத்தில் தெரியும். ஏழடி நீளச் சட்டம் பெரும்பாலான லிஃப்ட்டுகளில் ஏறாது, குறுகிய படிக்கட்டின் திருப்பத்திலும் திரும்பாது. ஆகவே பட்டறையில் வெட்டித் துளையிட்டு, மூலை பிராக்கெட்டுகளை வைத்து வீட்டிலேயே கோத்துக்கொள்ளும்படி கேட்டு வாங்குங்கள். நான்கு மூலைகளையும் கோத்தபின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து சமமாக இருக்கிறதா என்று பார்க்காமல் துணியைத் தொடக் கூடாது.

துணி கட்டுவதில் அவசரம் ஆகாது. நவார் கட்டிலுக்கு நாடா இழுப்பதுபோல, நடுவிலிருந்து தொடங்கி எதிரெதிராக மாறி மாறி இழுத்துக்கொண்டே மூலைகளுக்குப் போக வேண்டும். மூலையில் தொடங்கினால் எங்கோ ஓரிடத்தில் சுருக்கம் வந்து நிற்கும், அதை எடுக்க எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதாகும். அலுமினியத்தில் பின் அடிக்க முடியாது என்பதால், கொசுவலை ஜன்னலுக்குப் பயன்படுத்தும் பள்ளமுள்ள செக்‌ஷனையும் ரப்பர் கயிற்றையும் கொண்டு துணியை அழுத்திவிடலாம். அல்லது பின்பக்கம் ஒரு மரப்பட்டியைத் திருகி அதில் துருப்பிடிக்காத ஸ்டேப்ளர் பின்களை அடிக்கலாம். சாதாரண பின்கள் ஒரே மழைக்காலத்தில் துணியில் பழுப்புக் கறையை இறக்கிவிடும்.

முன்பக்கக் கரையைப் பலரும் அலங்காரம் என்று விட்டுவிடுகிறார்கள். கருப்பு வெல்வெட் பட்டி, புரொஜெக்டரிலிருந்து ஓரங்களில் வழியும் ஒளியை விழுங்குகிறது. அதற்குள் அடங்கிய படம் இன்னும் ஆழமான கருமையோடு தெரிகிறது. கருப்பு டேப்போ பெயின்டோ அந்த அளவுக்கு விழுங்காது. தையல் பொருள் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைப்பதை வாங்கி, பள்ளமும் மேடும் இல்லாமல் நேராக ஒட்டினால் போதுமானது.

ஃப்ளெக்ஸ் பேனரைத் திரையாக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். 2019-இல் கேரளத்தில் பிவிசி ஃப்ளெக்ஸ் விளம்பரங்களுக்குத் தடை வந்த பிறகும் கோவையிலிருந்து வாங்கிவருபவர்கள் உண்டு. பரப்பு பளபளப்பது, சுருட்டிய மடிப்பு போகாதது, மூடிய அறையில் வாடை பல வாரங்கள் நிற்பது ஆகிய காரணங்களால் வேண்டாம் என்பதே என் பதில். சுவரையே திரையாக்குவது அதைவிடப் பல மடங்கு மேல். சுவரின் ஓரத்தில் டார்ச்சை ஒட்டிவைத்து அடித்துப் பார்த்தால் பூச்சின் அலைகள் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். பட்டி பார்த்துத் தேய்த்துச் சமப்படுத்தி, மட் எமல்ஷன் இரண்டு கோட் அடித்தால் பழுதில்லை. மேற்குப் பார்த்த வெளிச்சுவர் மட்டும் கூடாது, மழைக்காலத்தில் அங்கே ஈரம் பூக்கும்.

சுருட்டி இறக்கும் திரைகள், பூஜை அறையோ கண்ணாடி அலமாரியோ உள்ள சுவரில் வேறு வழியில்லாமல் போடப்படுபவை. பங்குனி, சித்திரை வெயிலில் மின்விசிறி இல்லாமல் இந்த ஊரில் யாரும் இரண்டரை மணி நேரம் உட்கார முடியாது; விசிறிக் காற்றில் பக்கவாட்டு இழுகயிறு இல்லாத திரை ஆடும், படம் அலையும். சில ஆண்டுகளில் அதன் ஓரங்கள் உள்ளே சுருண்டுகொள்ளும். அந்த வகைதான் வேண்டும் என்றால், இரு ஓரங்களிலும் கயிறு வைத்து இழுத்த டேப் டென்ஷன் (tab tension) வகையைத் தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம். மின்விசிறியைப் பற்றி இன்னொன்றும் உண்டு. 92 அங்குலத் திரைக்கு 1.2 த்ரோ விகிதமுள்ள, அதாவது படத்தின் அகலத்தைப்போல் 1.2 மடங்கு தொலைவு தேவைப்படும், புரொஜெக்டர் எட்டடித் தொலைவில் நிற்க வேண்டும். ஹாலின் நடுவிலுள்ள விசிறியின் இறக்கை பல வீடுகளில் சரியாக அந்த ஒளிப்பாதையில் வந்து சுழலும். சட்டத்துக்கு அளவு கொடுக்குமுன், புரொஜெக்டரை ஓர் ஏணிமேல் உத்தேசித்த உயரத்தில் வைத்து, விசிறியை ஓடவிட்டு, வெறும் சுவரில் ஒரு வாரம் படம் பார்த்துவிடுவது மிகப் பயனுள்ளது. திரை எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதும் அப்போது தானே முடிவாகிவிடும்: உட்கார்ந்த நிலையில் கண்மட்டம் படத்தின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் வந்தால் கழுத்து நோகாது. டிவியைக் கூரையோரம் மாட்டுவதுபோல் திரையையும் மாட்டிவிடும் வழக்கம் எப்படி வந்ததென்று தெரியவில்லை.

மாட்டும் வேலையைப் பற்றிச் சுருக்கமாக: இப்போதைய கட்டடங்களில் இடைச்சுவர்கள் பல எடை குறைந்த ஏஏசி பிளாக்குகளால் கட்டப்படுகின்றன, அவற்றில் செங்கல் சுவருக்கான சாதாரண பிளக் நாளடைவில் தளர்ந்துவிடும், அதற்கென்றே உள்ள ஆங்கரைக் கேட்டு வாங்க வேண்டும். சில கட்டடங்களில் சுவரே முழுக் கான்கிரீட்டாக வார்க்கப்பட்டிருக்கும். அங்கே துளையிடுமுன் உள்ளே ஓடும் வயர் பைப் எங்கே என்பதைச் சங்கத்தின் பராமரிப்பாளரிடம் விசாரித்துக்கொள்வது அவசியம்.

தங்கள் இணைப்பில் இனிமேல் புரொஜெக்டர்களின் விலைப்பட்டியலை வெளியிடும்போது, விளம்பர லூமென்ஸை விட்டுவிட்டு ஆன்ஸி அல்லது ஐஎஸ்ஓ லூமென்ஸையும், அதன் பக்கத்தில் த்ரோ விகிதத்தையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த இரண்டு எண்களும், சோபாவிலிருந்து சுவர் வரையுள்ள தொலைவும் கையில் இருந்தால், எவ்வளவு பெரிய திரை என்பதை வாசகர் ஒரு தாளில் தாமே கணக்கிட்டுக்கொள்வார்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
சந்திரநகர், பாலக்காடு.